எத்தனை ஜீபி போதும்? வீட்டுக்குக் கணினி வாங்கப் போகும் பெற்றோருக்குச் சில வார்த்தைகள்



கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமையாக வாசித்தால் சில ஆயிரம் ரூபா மிச்சமாகும் என்பதால் எழுதுகிறோம்.

சாதாரண தரப் பரீட்சை முடிந்து பிள்ளைகள் உயர்தரத்துக்குப் பாடம் தெரிவு செய்யும் காலம் வந்தால், ஆசிரியர்களாகிய எங்களிடம் பாடத்தைப் பற்றிக் கேட்பவர்களைவிட லெப்டொப்பைப் பற்றிக் கேட்பவர்கள்தான் கூட. "சேர், மகளுக்கு லெப்டொப் ஒண்டு எடுக்கோணும். எத்தின ஜீபி ரெம் போட்டா நல்லம்?" அக்குறணையிலும் இதே கேள்விதான், மடவளையிலும் இதே கேள்விதான், கட்டுகஸ்தோட்டையிலும் இதே கேள்விதான். கடைக்குப் போனால் "போடக்கூடிய அளவுக்குப் போடுங்க" என்பார்கள். மகனிடம் கேட்டால் "16 இல்லாட்டி ஒண்டும் செய்ய ஏலாது" என்பான். சாச்சாவிடம் கேட்டால் "4 போதும், நாங்க 1 ஜீபியிலதானே படிச்சோம்" என்பார். மூவருமே ஒரு கேள்வியைக் கேட்க மறந்துவிட்டார்கள்: அந்தக் கணினியில் என்ன வேலை நடக்கப்போகிறது?

இது சின்ன விஷயம் இல்லை. கணினிக்குப் போகும் காசு எங்கள் வீடுகளில் எப்படி வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். சீட்டு எடுத்த காசு, அடகு வைத்த காப்பு, கட்டாரில் இருக்கும் வாப்பா ஓவர்டைம் செய்து அனுப்பிய காசு. 2022 இல் இரண்டே மாதங்களில் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 ரூபா வரை ஏறியபோது, இறக்குமதிப் பொருளான கணினியின் விலையும் கைக்கெட்டாத தூரத்துக்குப் போனது. அதில் இருந்து மெல்ல எழும்பி வரும்போது, 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. வெள்ளத்திலும் மண்சரிவிலும் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. வீட்டுச் சாமான்களையே புதிதாகச் சேர்க்கவேண்டிய நிலையில் எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. இந்த நிலைமையில் தேவையில்லாத ரெம்முக்குப் பத்தாயிரத்தைக் கொட்டுவதும் பிழை. தேவையான இடத்தில் மிச்சம் பிடித்து, மூன்று வருடத்துக்குப் பிள்ளையைத் திரைக்கு முன்னால் காக்க வைப்பதும் பிழை.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எங்கள் ஊர்களில் உள்ள பெரும்பாலான வீடுகளுக்கு 8 ஜீபி ரெம் போதும். ஆனால் அதோடு எஸ்எஸ்டி இருக்கவேண்டும், பிறகு கூட்டுவதற்கு வழி இருக்கவேண்டும். 4 ஜீபியோடு புதுக் கணினி வாங்கவேண்டாம். 16 ஜீபி சில பிள்ளைகளுக்குக் கட்டாயம் தேவை. ஆனால் அது யாருக்கு என்று தெரிந்து வாங்கவேண்டும்.

ஏன் என்று பார்ப்போம்.

கண்டி கொழும்பு வீதியில் ஒரு புடவைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் நீளமான மேசை. மேல்மாடியில் ஸ்டோர். வந்தவர் கேட்கும் துணியை ஸ்டோரில் இருந்து இறக்கி மேசையில் விரித்தால்தான் காட்டலாம், அளக்கலாம், வெட்டலாம். அந்த மேசைதான் ரெம். ஸ்டோர்தான் ஹாட் டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி. மேசையில் நின்று வேலை செய்பவர்தான் புரொசசர்.

மேசை நிறைந்துவிட்டால் என்ன நடக்கும்? விரித்த துணியில் ஒன்றை மடித்து மேலே கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் அடுத்ததை இறக்கலாம். ரெம் நிறைந்தால் கணினி செய்வதும் இதைத்தான். டிஸ்க்கில் ஒரு பகுதியை ரெம் போலப் பாவித்து, அங்கும் இங்கும் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கும். திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

அதேநேரம், கடைக்கு ஒரே ஒருவர்தான் வந்திருக்கிறார் என்றால் மேசையை இரண்டு மடங்கு நீளமாக்கியும் பயனில்லை. வெட்டுபவரின் கை வேகம் அதனால் கூடாது. வேர்ட் ஒன்றைத் திறந்து தமிழ்க் கட்டுரை ஒன்றை டைப் பண்ணும் பிள்ளைக்கு 8 ஜீபியில் இருக்கும் வேகமும் 32 ஜீபியில் இருக்கும் வேகமும் ஒன்றுதான்.

கடை மூடும்போது மேசையைத் துடைத்துவிடுவார்கள். மின்சாரம் நின்றால் ரெம்மில் இருப்பதும் அப்படித்தான் போய்விடும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில், சேவ் பண்ணாத ஒப்படைகள் டெஸ்க்டொப்பில் அப்படியே மறைந்துபோன கதை பல வீடுகளில் உண்டு. மேசையில் இருந்ததை ஸ்டோரில் வைக்க முன்னர் விளக்கு அணைந்துவிட்டது, அவ்வளவுதான்.

இங்கேதான் பலர் குழம்புவதும். "256 ஜீபி லெப்டொப்" என்று விளம்பரத்தில் இருந்தால் அது ஸ்டோரின் அளவு. மேசையின் அளவு இல்லை. போன்களில் "8+8" என்று போட்டிருப்பதும் இதே மாதிரியான ஒன்று. முதல் 8 தான் உண்மையான ரெம். மற்ற 8, ஸ்டோரேஜில் ஒரு மூலையை எடுத்து ரெம் என்று பெயர் வைத்தது.

சரி, வீட்டில் ஏற்கனவே ஒரு கணினி இருக்கிறது, அது மெதுவாக இருக்கிறது என்றால், கடைக்குப் போக முன்னர் ஐந்து நிமிடம் செலவழியுங்கள். பிள்ளை வழமையாகப் பாவிப்பவற்றை எல்லாம் திறந்து வைத்துக்கொண்டு, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மெனேஜர் திறக்கும். பெர்ஃபோமன்ஸ் என்ற பகுதியில் மெமரி, டிஸ்க் இரண்டையும் பாருங்கள்.

மெமரி 85, 90 வீதத்திலேயே நின்று, டிஸ்க்கும் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தால் மேசை போதவில்லை. ரெம் கூட்டினால் வித்தியாசம் தெரியும்.

மெமரி 50, 60 வீதத்தில் இருக்கிறது, ஆனால் டிஸ்க் அடிக்கடி 100 என்று காட்டுகிறது என்றால் குறை ரெம்மில் இல்லை. பழைய சுழலும் ஹாட் டிஸ்க்தான் பெரும்பாலும் காரணம். அதைக் கழற்றி எஸ்எஸ்டி போடுங்கள். மேல்மாடி ஸ்டோரை மேசைக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைப்பது போல. இந்த இடத்தில் ரெம்முக்குக் காசு கொடுத்தால் அந்தக் காசு வீண்.

மெமரியும் டிஸ்க்கும் குறைவாக இருக்க, சிபியு மட்டும் 100 என்றால் புரொசசர் களைத்துவிட்டது, அல்லது வைரஸ் போல ஏதோ ஒன்று உள்ளே ஓடுகிறது. ரெம்மும் எஸ்எஸ்டியும் இதற்கு மருந்து இல்லை.

ஒன்றைக் கவனியுங்கள். எதுவும் திறக்காமலேயே 40 வீதம் காட்டுகிறது என்று பயப்படவேண்டாம். 4 ஜீபி கணினியில் விண்டோஸ் மட்டும் பாதியைப் பிடித்துக்கொள்வது சாதாரணம். ரெம் கூடிய கணினியில் விண்டோஸ் இன்னும் தாராளமாக இடம் பிடிக்கும். தேவைப்படும்போது விட்டுக்கொடுக்கும்.

இப்போது, யாருக்கு எவ்வளவு?

வட்ஸ்அப்பில் வரும் பாடக் குறிப்புகள், சூம் வகுப்பு, யூடியூப், ஈ-தக்சலாவ, வேர்ட், எக்செல். இதுதான் வேலை என்றால் 8 ஜீபி தாராளம். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு எல்லாம் இணையத்துக்கு மாறியபோது, 4 ஜீபி கணினிகளில் சூமும் குரோமும் ஒன்றாக ஓடமுடியாமல் திணறியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். குரோமில் திறக்கும் தாள்களும் ஒவ்வொன்றும் தனித்தனியாக ரெம்மில் இடம் பிடிக்கும். இருபது தாளைத் திறந்து வைத்துக்கொண்டு கணினியைத் திட்டுவதில் நியாயம் இல்லை. குரோம் செட்டிங்கில் மெமரி சேவர் என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். அதற்குக் காசு இல்லை.

உயர்தரத்தில் ஐசிடி படிக்கும் பிள்ளைக்கும் 8 போதும். பைதன் எழுதுவதற்கும், தரவுத்தளம் ஒன்றைச் செய்வதற்கும், இணையப் பக்கம் ஒன்றை அமைப்பதற்கும் பெரிய நினைவகம் தேவைப்படாது. "ஐசிடி படிக்கிறதுக்கு 16 கட்டாயம்" என்று பிள்ளை சொன்னால், எந்தப் பாடப்பகுதிக்கு என்று அன்பாகக் கேளுங்கள். பெரும்பாலும் அந்தப் பாடப்பகுதியின் பெயர் ஜீடிஏ ஆக இருக்கும். அதன் ஐந்தாம் பாகத்துக்கே குறைந்தது 4, நல்லது 8 என்றுதான் அதைச் செய்தவர்கள் சொல்லியிருந்தார்கள்.

16 யாருக்குத் தேவை? பேராதனையில் பொறியியல் பீடத்துக்குப் போய் சொலிட்வர்க்ஸ் போன்றவற்றில் வரையப்போகிறவருக்கு. ஆட்டோகேட் படித்து வரைபட வேலைக்குப் போகிறவருக்கு. போனுக்கு ஆப் செய்யப் பழகுகிறவருக்கு. அதற்கான அன்ட்ரொய்ட் ஸ்டூடியோவுக்கே குறைந்தது 8 வேண்டும். கலியாண வீடியோ எடிட் பண்ணி உழைக்கும் தம்பிமாருக்கும் 16 வேண்டும். இவர்களுக்கு அது தொழில் சாமான். அங்கே மிச்சம் பிடிக்கவேண்டாம்.

"உலகமே 16 க்குப் போய்விட்டதே" என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். 2024 மே மாதம் மைக்ரோசொஃப்ட் தன்னுடைய கோபைலட் பிளஸ் வகைக் கணினிகளுக்கு 16 ஜீபி கட்டாயம் என்றது. அதே வருடம் ஒக்டோபரில் எப்பிள் தன்னுடைய மெக்புக் எயாருக்கும் 16 இல்தான் தொடக்கம் என்று ஆக்கியது. இரண்டுக்கும் பின்னால் இருந்த ஒரே எண்ணம், செயற்கை நுண்ணறிவைக் கணினிக்கு உள்ளேயே ஓட்டுவது. சட்ஜீபிடி, ஜெமினி போன்றவற்றை எங்கள் பிள்ளைகள் பாவிப்பது இணையம் வழியாக. அந்த வேலை நடப்பது எங்கோ இருக்கும் பெரிய சேர்வர்களில். அதற்கு வீட்டுக் கணினிக்கு 16 தேவை இல்லை.

கீழ்ப்பக்கத்திலும் ஒரு குழப்பம் இருக்கிறது. விண்டோஸ் 11 க்குக் குறைந்தது 4 ஜீபி என்றுதான் மைக்ரோசொஃப்ட் சொல்கிறது. அதைக் காட்டித்தான் 4 ஜீபி லெப்டொப்பை இன்னும் விற்கிறார்கள். குறைந்தது என்றால் ஓடும் என்று அர்த்தம். வசதியாக ஓடும் என்று அர்த்தம் இல்லை. பத்துப் பேர் ஏறும் வேனில் பதினெட்டுப் பேர் ஏறினாலும் வேன் ஓடத்தான் செய்யும். கடுகண்ணாவை ஏற்றத்தில் என்ன நடக்கும் என்பதுதான் கேள்வி.

வாங்கப் போகும்போது சில விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, ரெம் கழற்றி மாற்றக்கூடியதா, போர்டோடு ஒட்டியதா? மெல்லிய புது லெப்டொப் பலவற்றில் ரெம்மைப் போர்டிலேயே ஒட்டிவிடுகிறார்கள். அதைப் பிறகு கூட்டவே முடியாது. ஒட்டிய 4 ஜீபி என்றால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் எழும்பி வந்துவிடுங்கள். கழற்றக்கூடிய 8 ஜீபி, பக்கத்தில் ஒரு ஸ்லொட் காலி என்றால், இப்போது 8 உடன் வாங்கி, பிள்ளை கெம்பஸ் போகும்போது தேவையென்றால் இன்னொரு 8 போடலாம். இப்படி ஒரே அளவில் இரண்டு போடுவதால் இரண்டும் சேர்ந்து வேலை செய்து வேகமும் கொஞ்சம் கூடும். டாஸ்க் மெனேஜரில் மெமரியின் கீழே ஸ்லொட்ஸ் யூஸ்ட் என்று ஒரு வரி இருக்கும். 2 இல் 1 என்று இருந்தால் ஒன்று காலி என்று பொருள்.

இரண்டாவது, ரெம்மில் தலைமுறை உண்டு. டீடீஆர் 3, டீடீஆர் 4, டீடீஆர் 5. ஒன்றின் இடத்தில் மற்றது போகாது. அதன் வெட்டு இருக்கும் இடமே வேறு. லெப்டொப்புடையது கட்டை, டெஸ்க்டொப்புடையது நீளம். ஆகவே "8 ஜீபி ஒண்டு தாங்க" என்று சும்மா கேட்டு வாங்கவேண்டாம். பழைய ரெம்மைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள், அல்லது கணினியையே கொண்டுபோய், போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

மூன்றாவது, பழைய கணினி என்றால் உள்ளே இருக்கும் விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்று பாருங்கள். 32 பிட் விண்டோஸ் 4 ஜீபிக்கு மேல் காணாது. அதற்கு 8 போட்டாலும் பாதி சும்மாதான் இருக்கும். 64 பிட் போட்டால்தான் பயன்.

நான்காவது, 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டது. "ரெம்மைக் கூட்டினா விண்டோஸ் 11 போடலாம்" என்று யாராவது சொன்னால் முழுதாக நம்பவேண்டாம். விண்டோஸ் 11 க்கு ரெம் மட்டும் போதாது. புரொசசரும் புதிதாக இருக்கவேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது. பாவித்த லெப்டொப் வாங்குகிறவர்கள் ரெம்மை விட முதலில் இதைத்தான் பார்க்கவேண்டும். ரெம்மைப் பிறகு கூட்டலாம். லெப்டொப்பின் புரொசசரைப் பெரும்பாலும் மாற்ற முடியாது. எங்கள் பார்வையில், 4 ஜீபி ஒட்டிய புதுக் கணினியை விட, எட்டாம் தலைமுறை புரொசசரும் 8 ஜீபியும் எஸ்எஸ்டியும் உள்ள நல்ல பாவித்த லெப்டொப் ஒரு மாணவனுக்கு மேலானது. பெட்டரியையும் திரையையும் மட்டும் நன்றாகச் சோதித்துக்கொள்ளுங்கள்.

இதை எல்லாம் இப்போது எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. உலகச் சந்தையில் ரெம் விலை 2025 இன் பிற்பகுதியில் இருந்து வேகமாக ஏறியிருக்கிறது. உலகத்துக்கு ரெம் செய்வது பெரும்பாலும் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன் என்ற மூன்று கம்பனிகள்தான். செயற்கை நுண்ணறிவு சேர்வர்களுக்கு அவர்களுடைய உற்பத்தியில் பெரும் பங்கு போகிறது. 2025 டிசம்பரில் மைக்ரோன், வீட்டுப் பாவனையாளர்களுக்கு விற்றுவந்த தன்னுடைய க்ரூஷல் வியாபாரத்தையே விட்டு விலகுவதாக அறிவித்தது. முன்பெல்லாம் "எதற்கும் கூடுதலாகப் போட்டு வைப்போம்" என்று சொல்லலாம், ரெம் மலிவு. இப்போது அந்தப் பேச்சுக்கு விலை இருக்கிறது. மூலையில் கிடக்கும் பழைய கணினியில் இருக்கும் ரெம்முக்கும் விலை இருக்கிறது. இரும்புக் கடைக்குப் போட முன்னர் கழற்றிப் பாருங்கள்.

கடைசியாக, ஊரின் நலன்புரிச் சங்கங்களுக்கும், பழைய மாணவர் சங்கங்களுக்கும், பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும், வெளிநாட்டில் இருந்து உதவி அனுப்பும் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்.

பிள்ளைகளுக்குக் கணினி கொடுக்கும் உங்கள் எண்ணம் பெறுமதியானது. ஆனால் கொடுக்கும் காசை இரண்டு புது லெப்டொப்பாக மாற்றி, மேடை போட்டு, படம் எடுத்து, இரண்டு பிள்ளைகளுக்குக் கொடுக்க முன்னர், ஊரில் எத்தனை வீட்டில் கணினி அலுமாரிக்கு மேலே தூசி பிடித்துக் கிடக்கிறது என்று ஒரு கணக்கு எடுங்கள். பாடசாலைக் கணினி அறையில் எத்தனை கணினி "ஸ்லோ" என்ற ஒரே காரணத்துக்காகத் துணி போட்டு மூடியிருக்கிறது என்று அதிபரிடம் கேளுங்கள். அவற்றில் பல, ஒரு எஸ்எஸ்டியும் கூடுதலாக 4 ஜீபியும் போட்டால் இன்னும் சில வருடம் பிள்ளைகளுக்கு உழைக்கும். விண்டோஸ் 11 ஏறாத கணினிக்கு லினக்ஸ் மின்ட் போடலாம். அது இலவசம். 2 ஜீபியிலும் ஓடும், 4 ஜீபி இருந்தால் வசதியாக ஓடும். லிப்ரே ஒஃபிஸ் அதோடு வருகிறது. சூம், யூடியூப், ஈ-தக்சலாவ எல்லாம் அதில் வேலை செய்யும். இரண்டு புது லெப்டொப்பின் காசில் பத்துக்குக் குறையாத வீடுகளில் ஒரு பழைய கணினியை எழுப்பலாம் என்பது எங்கள் கணிப்பு. சந்தேகம் என்றால் ஒரு நாள் கடைக்குப் போய் இரண்டின் விலையையும் கேட்டு நீங்களே பிரித்துப் பாருங்கள்.

இதற்கு ஆளும் இருக்கிறது. எங்கள் உயர்தர ஐசிடி மாணவர்களுக்கு ரெம் மாற்றவும், எஸ்எஸ்டி போடவும், மென்பொருள் ஏற்றவும் தெரியும். தெரியாதவர்கள் ஒரு சனிக்கிழமையில் பழகிக்கொள்வார்கள். அவர்களுக்கு அது பாடம், ஊருக்கு அது உதவி. மேற்பார்வைக்கு ஆசிரியர்களாகிய நாங்கள் வருகிறோம். சங்கங்கள் இடமும் பாகங்களுக்கான காசும் ஏற்பாடு செய்தால் போதும்.

புதிதாகத்தான் கொடுக்கவேண்டும் என்றால், விலை கேட்கும் கடிதத்தில் நான்கு வரிகளை மட்டும் மறக்காமல் எழுதுங்கள்: ரெம் 8 ஜீபி, கழற்றக்கூடியது, ஒரு ஸ்லொட் காலி, எஸ்எஸ்டி 256. இந்த நான்கும் இல்லாத லெப்டொப்பை யார் மலிவாகத் தந்தாலும் வாங்கவேண்டாம். தானமாகக் கொடுக்கும் பொருள் என்பதால் தரம் குறைந்தது போதும் என்று நினைக்கவும் வேண்டாம். அதைத் திருத்துவதற்கும் காசில்லாத வீட்டுக்குத்தான் அது போகிறது.

உங்கள் வீட்டுக் கணினியின் டாஸ்க் மெனேஜர் படத்தை எடுத்துக் கீழே போடுங்கள். ரெம்மா, டிஸ்க்கா, புரொசசரா என்று எங்களால் முடிந்தவரை பார்த்துச் சொல்கிறோம். கடைக்குப் போவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.